பொந்தை மறைத்த கொடி

“அப்பாவ மரத்துல ஏறச் சொன்னது நீங்கதான்னு, இங்க இருக்கறவங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒரு தடவ சொல்லிடுங்க டாக்டர்.”

பல் டாக்டர் டீ கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். கிளாஸ் பாதி வழியில் நின்றது. அவரோடு வந்திருந்த இயற்கைச் சங்கத்துக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் தரையைப் பார்த்தார்கள். பறவையைக் கண்டால் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் நிற்கப் பழகியவர்கள். இப்போதும் அப்படியேதான் நின்றார்கள்.

அறையின் நடுவில், பக்கத்து வீட்டிலிருந்து தூக்கி வந்த பெஞ்சில் அப்பா கிடந்தார். ஆள் நெட்டை. வெள்ளைத் துணியை மார்புக்கு மேலே இழுத்தால் காலுக்குப் போதவில்லை. காலுக்கு இழுத்தால் மார்பு திறந்துகொண்டது. கடைசியில் காலை விட்டுவிட்டார்கள். பாதங்கள் இரண்டும் வெளியே தெரிந்தன. நக இடுக்கில் பூங்கா மண். ஆஸ்பத்திரியில் கழுவியும் அது போகவில்லை.

“டிகிரி!” என்று வாசலில் நின்ற சித்தப்பா பல்லைக் கடித்தார். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் அவள். விலங்கியலில் பட்டம் வாங்கிய நாளிலிருந்து சித்தப்பாவுக்கு அவள் டிகிரிதான். பெருமை வந்தாலும் அதுதான், எரிச்சல் வந்தாலும் அதுதான்.

டாக்டர் கிளாஸைப் பக்கத்திலிருந்த தையல் மெஷின் மேல் வைத்தார். “இதப் பாரு மா,” என்றார். ஊசியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வாயைத் திறக்கச் சொல்லும்போது வருகிற குரல். “நீ ரொம்ப வேதனைல இருக்க. எனக்குப் புரியுது. இது அதுக்கான நேரம் இல்ல.”

“எது நேரம்? இன்னும் கொஞ்சத்துல வண்டி வந்துரும். அவர் இங்க இருக்கும்போதே சொல்லுங்க.”

அம்மா எழுந்தாள். காலையிலிருந்து பெஞ்சின் தலைமாட்டை விட்டு நகராதவள், எழுந்து வந்து மகளின் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

“என்ன சொன்னேன் உன்கிட்ட?”

“சொன்ன.”

“இந்த ஒரு வார்த்தைய மட்டும் எவன் முன்னாடியும் கேட்றாதன்னு சொன்னேனா இல்லியா?”

“காலைலேர்ந்து அத ஒண்ணத்தான் சொல்லிட்டிருக்க.”

“அப்புறம் எதுக்குடி கேட்ட?”

அடுப்பு மேடையில் யார் யாரோ கொண்டு வந்து வைத்த பிளாஸ்க்குகள் வரிசையாக நின்றன. சாவு வீட்டில் எல்லாருக்கும் டீ தீர்ந்துவிடுமோ என்றுதான் கவலை.

*

அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பூங்காத் தோட்ட வேலையில் புல் வெட்டும் இயந்திரம் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தது. அதனால் அவருக்கு வருகிற அழைப்பு அவருக்கு மட்டும் வருவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அக்கா சில சமயம் அங்கிருந்தே பதில் சொல்லிவிடுவாள். இது டாக்டருக்குத் தெரியாது.

முந்தாநாள் சாயங்காலம் அவர் கூப்பிட்டபோது, அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா ஒரு பாவாடைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தாள். எதிரே அவள்.

“நாளைக்கு உனக்கு லீவுதானப்பா?” என்றது போன்.

“லீவுதாங்க டாக்டர். சொல்லுங்க.”

“மத்தியானம் கார்ப்பரேஷன் கமிஷனர் பூங்காவுக்கு வர்றாரு. நான்தான் கூட்டிட்டு வர்றேன். பட்ட மரத்தயெல்லாம் வெட்டக் கூடாதுன்னு ஒரு ஆர்டர் கேட்டிருக்கோம்ல? மனுஷன் அந்த ஆந்தைக் குஞ்சுகள ஒரே ஒரு தடவ கண்ணால பாத்துட்டா போதும். அங்கயே கையெழுத்து போட்ருவாரு. ஆனா பொந்த அந்தக் கொடி மொத்தமா மூடிக் கெடக்குது. கீழேர்ந்து பாத்தா ஒரு மண்ணும் தெரியல. காலைல போய்க் கொஞ்சம் ஒதுக்கி விட்டுரு.”

“கொடியவா?” அப்பா காதைச் சொறிந்தார். “அங்க என் பொண்ணு போர்டு வெச்சிருக்காளே டாக்டர். கூடு இருக்கறப்ப ஒரு இலையக்கூடத் தொடக் கூடாதுன்னு.”

“தெரியும்ப்பா, நான்தான கையெழுத்து போட்டேன். இது ஒரு நாள் விஷயம். சங்கத்துல யாருக்கும் தெரிய வேணாம், குதிப்பாங்க. உன் பொண்ணுகிட்டயும் சொல்லாத.”

அப்பா தலையை நிமிர்த்தி, மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். “சரிங்க டாக்டர். சொல்லல,” என்றார். போனை வைத்ததும் கண்ணடித்தார். “கேட்டுக்கிட்டியா? உன்கிட்ட சொல்லக் கூடாதாம்.”

அம்மாகூடச் சிரித்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த போர்டில் என்ன எழுதுவது என்று சங்கத்தில் ஒரு கூட்டம் முழுக்கப் பேசினார்கள். கூட்டைச் சுற்றி இருக்கும் இலையையும் கொடியையும் ஒதுக்கிவிட்டுப் படம் பிடிக்கிறவர்களைப் பற்றி அந்தக் கூட்டத்தில் டாக்டரே மேஜையைத் தட்டிப் பேசினார். அந்த மறைவுதான் குஞ்சுக்குக் கதவு. கதவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கிறவனுக்கும் காக்கைக்கும் என்ன வித்தியாசம்? அவன் பார்த்துவிட்டுப் போய்விடுவான், காக்கை வந்துவிடும். இப்படிப் பேசியவர் அவர். கேட்டு அழுதவர்கள் இருந்தார்கள்.

“போகாதப்பா. நான் அவர்கிட்ட பேசறேன்.”

“ரெண்டு கொடிதான்டா. ஏணி போட்டு ஒதுக்கிட்டு வந்துருவேன். டாக்டர் சொல்லிட்டாரு.”

அவள் டாக்டருக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். காலையில் அவள் எழுந்தபோது அப்பா கிளம்பிப் போயிருந்தார், லீவு நாளில் யூனிஃபார்ம் சட்டையோடு. மரம் ஏறுவதற்கு அந்தச் சட்டைதான் தோது, பை நிறைய இருக்கும் என்பார்.

ஏணி பொந்து வரைக்கும் எட்டவில்லை. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த பட்ட கிளையில் ஒரு காலை வைத்திருக்கிறார். கிளை முறிந்தது. ஒரு கையில் அறுத்த கொடி அப்படியே இருந்ததாம். ஆஸ்பத்திரியில் அதைப் பிரித்தெடுக்க நர்ஸுக்குக் கஷ்டமாக இருந்தது.

கமிஷனர் வரவில்லை.

*

“டியூட்டில செத்தாதான் அவர் இடத்துல எனக்கு வேல,” என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. “பூங்கா சூப்பரண்டு போன்லயே சொல்லிட்டாரு. மரத்த சோதன பண்றப்ப கிளை முறிஞ்சிருச்சுன்னு எழுதிடறேங்கறாரு. நீ போய், லீவு நாள்ல யாரோ கூப்ட்டாங்கன்னு போனாருன்னு சொன்னா? அவங்க கைய கழுவிருவாங்க. ஊசில நூல் கோக்க முடியல எனக்கு, தெரியுமா உனக்கு? எத்தன நாளைக்கு இந்த மெஷின மிதிப்பேன்?”

“தெரியும்மா.”

“டாக்டர் பேசினதாலதான் அந்தக் காலேஜ்ல உனக்கு சீட்டு கிடச்சுது. அதுவும் தெரியும்ல?”

“அதுவும் தெரியும். வாரம் ஒரு தடவயாவது யாராவது சொல்லிடறீங்க.”

“திமிரு.” அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நடந்தது நடந்துருச்சு. அவரா தள்ளி விட்டாரு?”

“அப்ப மரம்தான் தள்ளிவிட்டுச்சுன்னு எழுதப் போறாங்க. பரவால்லயா?”

“மரத்துக்கு என்னடி? அது என்ன கோர்ட்டுக்கா வரப் போகுது?”

அம்மா சொல்வதில் நியாயம் இருந்ததுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பொய் சொன்னால் வீட்டில் அடுப்பு எரியும். உண்மையைச் சொன்னால் ஒன்றும் கிடைக்காது. இப்படி ஒரு ஏற்பாட்டை யார் செய்து வைத்தார்கள் என்று தெரிந்தால் அவர்களையும் கேட்டிருப்பாள்.

*

வெளியே வந்தபோது பூங்காக் கண்காணிப்பாளர் வந்திருந்தார். ஓர் ஆள் உயரத்துக்கு மலர் வளையம். அது முழுக்கப் பூங்காவின் கண்ணாடி வீட்டில் வளர்கிற வெளிநாட்டுப் பூக்கள். அப்பா அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றும்போது ‘மாப்பிள்ளைங்க’ என்பார். தொட்டால் வாடும், விட்டாலும் வாடும் என்பார். கண்காணிப்பாளருக்கு எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். குளத்தில் இருந்த நாணலையெல்லாம் பிடுங்கிவிட்டு வெள்ளை அன்னம் விட வேண்டும் என்று நெடுநாள் ஆசை அவருக்கு. சங்கம்தான் குறுக்கே நின்றது. நாணல் இருந்தால்தான் நீர்க்கோழி, பட்ட மரம் இருந்தால்தான் ஆந்தையும் மரங்கொத்தியும், சருகு இருந்தால்தான் தவளை என்று மாதா மாதம் போய் அவரிடம் மல்லுக்கு நிற்பார்கள். முன்னால் நிற்கிறவர் சங்கத் தலைவரான டாக்டர்.

அந்த இரண்டு பேரும் இப்போது பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

“நீங்க ஒண்ணுக்கும் கவலப்படாதீங்கம்மா,” என்றார் கண்காணிப்பாளர், அம்மாவைப் பார்த்து. “ரிப்போர்ட் ரெடி. ஆபத்தான மரத்த சோதன செய்யறப்ப உயிர விட்டுட்டாரு. யூனிஃபார்ம்ல இருந்தாரு, ஆக டியூட்டிதான். யாரும் கேள்வி கேக்க முடியாது. அந்தச் சனியன் புடிச்ச மரத்த இன்னிக்கே இறக்கிடறோம். ரம்பத்தோட ஆள் போயாச்சு. இனிமே அது இன்னொரு குடும்பத்த அழ வெக்காது.”

“வேரோட புடுங்கிப் போடுங்க சார்,” என்றார் சித்தப்பா. அவர் கண் சிவந்திருந்தது. அண்ணனைக் கொன்ற ஒன்று இந்த உலகத்தில் நின்றுகொண்டிருக்கிறது. அதை வெட்டுகிறோம் என்று ஒருவர் வந்து சொல்கிறார். சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது.

அவள் டாக்டரைப் பார்த்தாள்.

அந்த மரத்துக்கு முன்னொரு தடவை ரம்பம் வந்திருக்கிறது. அப்போது டாக்டர் கிளினிக்கைப் பாதியில் விட்டுவிட்டு, கழுத்தில் மாட்டிய முகமூடியோடு ஓடி வந்து இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். பத்திரிகையில் படம் வந்தது. சங்கத்து அறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். கல்லூரியில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவள் சங்கத்தில் சேர்ந்தாள். ‘நம்ம தோட்டக்காரர் பொண்ணு’ என்று ஒவ்வொரு கூட்டத்திலும் அவளைப் புதிதாக வந்தவர்களுக்கு அறிமுகம் செய்வார்கள். யாருடைய பெண்ணையும் அப்படிச் செய்ததில்லை. அதையும் பொறுத்துக்கொண்டாள், அந்தப் படத்துக்காக.

அவர் இப்போது எழுந்திருப்பார் என்று காத்திருந்தாள். உண்மையைச் சொல்லாவிட்டாலும் போகிறது, குஞ்சு பறக்கிற வரைக்குமாவது மரத்தைத் தொடாதீர்கள் என்று சொல்வார்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். “பாதுகாப்புதான் சார் முதல்ல,” என்றார்.

சங்கத்துக்காரர்களில் ஒருவர் தலையாட்டினார். அவரைப் பார்த்து இன்னொருவரும் ஆட்டினார்.

“குஞ்சுங்க இன்னும் பறக்கல,” என்றாள் அவள்.

“என்னது?” கண்காணிப்பாளர் திரும்பினார்.

“பொந்துல ஆந்தைக் குஞ்சுங்க இருக்கு. இறகே இப்பத்தான் முளைக்குது.”

அறையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. “கேட்டீங்களா கதைய?” என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா, உள்ளங்கையை விரித்து. “பெத்த அப்பன் பொணமா கெடக்கான். இவளுக்கு ஆந்தை! படிக்க வெக்காத, படிக்க வெக்காதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன் என் தம்பிகிட்ட.”

“அத்த, நீங்க சும்மா இருங்க.”

“நான் எதுக்குடி சும்மா இருக்கணும்? அழக்கூடத் துப்பில்ல உனக்கு.”

உண்மைதான். அவள் இன்னும் அழவில்லை. கோபம் நகர்ந்து இடம் விட்டால்தானே அழுகை வரும்.

“டாக்டர்,” என்றாள். “ஒரு நிமிஷம் வெளிய வாங்க.”

*

வீட்டின் பக்கவாட்டில், தண்ணீர் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு பேர் நிற்க இடம் இருந்தது. டாக்டர் பேன்ட்டில் ஈரம் படாமல் ஒதுங்கி நின்றார். வெளிச்சத்தில் பார்த்தபோது அவர் முகம் வீங்கியிருந்தது.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் முதலில்.

“அப்பாவுக்குக் காது கேக்காது டாக்டர். ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவார். எதிர்ல நான்தான் உக்காந்திருந்தேன். என்கிட்ட சொல்லாதன்னு நீங்க சொன்னதக்கூடக் கேட்டுட்டிருந்தேன்.”

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

“அப்புறம் நான் போன் பண்ணேன். எடுக்கல நீங்க.”

“கமிஷனர் ஆபீஸ்ல பேசிட்டிருந்தேன் மா. சத்தியமா.” அவர் கையைப் பிசைந்தார். “நான் எனக்காகவா செஞ்சேன்? அந்த ஆர்டர் வந்துட்டா பூங்கால ஒரு பட்ட மரத்தையும் எவனும் தொட முடியாது. எத்தன வருஷமா அலையறோம் அதுக்கு! அந்த மனுஷனுக்கு மரம்னா பலகை, ஆந்தைன்னா கார்ட்டூன். கண்ணால பாத்தாத்தான் மனசு எறங்கும். ஒரு கொடிதானேன்னு...”

“சரி. அதையே உள்ள வந்து சொல்லுங்க. நல்லதுக்குத்தான் செஞ்சேன், ஆனா நான்தான் அனுப்பினேன்னு சொல்லுங்க. மரம் கொல்லலன்னு சொல்லுங்க.”

“சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? நம்ம தலைவரே ஆந்தைக் கூட்டக் கலைக்கச் சொன்னாருன்னு பேப்பர்ல வந்தா அப்புறம் சங்கம்னு ஒண்ணு இருக்காது. அடுத்த வாரமே குளத்துல அன்னம் நீந்தும். சருகக் கூட்டி எரிப்பான். ஒரு மரம் மா. ஒண்ணே ஒண்ணு. மத்ததக் காப்பாத்திக்கலாம். குஞ்சுங்கள ஆள் விட்டு எடுத்து வளக்கலாம்.”

“ரம்பம் ஏற்கெனவே போயிருச்சு. எந்த ஆள விட்டீங்க?”

அவர் பேன்ட்டில் தெறித்த ஒரு துளியைத் தட்டிவிட்டார்.

“முதல்ல எங்கப்பா. இப்ப மரம். நாளைக்கு எத டாக்டர் ஒண்ணே ஒண்ணும்பீங்க?”

“நீ சின்னப் பொண்ணு. எல்லாத்தயும் நேர்கோடா பாக்கற.” குரலில் பழைய நிதானம் திரும்பிவிட்டது. “உங்கம்மாவ நெனச்சுப் பாரு. நான் வாயத் திறந்தா டியூட்டி இல்லன்னு ஆயிடும். அவங்களுக்கு வேல போயிடும். நான் யாருக்காகப் பேசாம இருக்கேன்னு நெனக்கற? உங்களுக்காகத்தான். உங்க குடும்பத்துக்காகத்தான் இந்தப் பாரத்தத் தூக்கிட்டிருக்கேன்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த மனிதர் இதை நம்புகிறார் என்று தெரிந்தது. வீட்டுக்குப் போய், படுக்கும்போது, தன்னை ஒரு தியாகியாக நினைத்துக்கொண்டுதான் தூங்குவார்.

“அடுத்த வருஷத்துலேர்ந்து,” என்றார் அவர், அவள் பார்வையைத் தப்பாகப் புரிந்துகொண்டு, “உங்கப்பா நினைவா வருஷா வருஷம் ராத்திரில எல்லாருமா ஆந்தை பாக்கப் போற ஒரு நடை வெக்கலாம்னு இருக்கோம். அவருக்கு ஆந்தைன்னா அவ்வளவு பிரியம்...”

“எங்கப்பாவுக்கு ஆந்தையப் பிடிக்காது டாக்டர்.”

“மா...”

“தலைல எச்சம் போடுதுன்னு திட்டிக்கிட்டே இருப்பார். முண்டக்கண்ணி முண்டக்கண்ணின்னு வைவார். அவருக்கு அது என்ன திங்கும், எப்ப முட்ட போடும்னு ஒரு எழவும் தெரியாது. தெரிஞ்சுக்கவும் ஆசப்பட்டதில்ல. அவருக்குப் பிடிச்சது உங்களைத்தான். பல்லு வலின்னு வந்தப்ப வரிசைல உக்கார வெக்காம உள்ள கூப்ட்டீங்களாம். நாலு பேர் முன்னாடி தோள்ல கை போட்டுப் பேசினீங்களாம். அதச் சொல்லிச் சொல்லி மாஞ்சுபோவார். அதுக்காகத்தான் ஏறினார்.”

டிரம்மில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல், மறுபடி மாட்டிக்கொண்டார்.

“நான் தூங்கல மா, நேத்துலேர்ந்து,” என்றார்.

அவள் நகர்ந்து வழி விட்டாள். அவர் உள்ளே போவாரா, காருக்குப் போவாரா என்று பார்த்தாள். சங்கத்துக்காரர்கள் நின்றுகொண்டிருந்த பக்கம் போய் அவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டார். ஒருவர் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அவள் திரும்பினாள். டிரம்முக்கு மேலே சமையலறை ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அம்மா, கையில் கழுவின டம்ளரோடு. அந்த வீட்டில் எதுவுமே ஒருத்தருக்கு மட்டும் கேட்பதில்லை.



*

உள்ளே போய் அப்பாவின் கால்மாட்டில் நின்றாள். பாதங்கள் பக்கத்துக்கொன்றாகச் சாய்ந்திருந்தன, எப்போதும் தூங்கும்போது சாய்வது மாதிரியே. மலர் வளையத்தை யாரோ பெஞ்சில் சாய்த்து வைத்திருந்தார்கள். அது அவர் முகத்தைப் பாதி மறைத்தது. அவள் அதைத் தூக்கிச் சுவரோரம் வைத்தாள். கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு துணிக்கொடியில் கிடந்த துப்பட்டாவை எடுத்துத் தோளைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

“எங்க கெளம்பற?” என்றார் சித்தப்பா.

“பூங்காவுக்கு.”

முதலில் யாருக்கும் அது காதில் சரியாக விழவில்லை. விழுந்ததும் அறையே திரும்பியது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

“உனக்கு என்ன மூள கலங்கிருச்சா? வண்டி வர்ற நேரம். அண்ணன எடுக்கறப்ப நீ இல்லாமலா?”

“இங்க நீங்க எல்லாரும் இருக்கீங்க சித்தப்பா. அங்க யாரும் இல்ல.”

“அங்க என்ன இருக்கு? மரம்! உங்கப்பன அடிச்ச மரம்!”

“மரம் அடிக்கல. அந்தக் கொடிய அறுக்கச் சொல்லி அப்பாவ அனுப்பினாங்க. யார்னு உங்களுக்கே தெரியும். பக்கத்து வீட்டு அக்காவுக்குக்கூடத் தெரியும்.” அவள் பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தாள். அக்கா டீ டம்ளருக்குள் பார்த்தாள்.

“போய் என்ன செஞ்சிருவ நீ?”

“மரத்தச் சுத்திக் கயிறு கட்டியிருப்பாங்க. கயித்துக்குள்ள ஆள் நின்னா ரம்பத்த ஓட்ட மாட்டாங்க. நிப்பேன். எவ்வளவு நேரமானாலும் நிப்பேன். ஏன் நிக்கறன்னு யார் கேட்டாலும் நடந்தத நடந்தபடி சொல்லுவேன். சங்கத்துக்காரங்க கேட்டாலும் சொல்லுவேன், பேப்பர்காரன் கேட்டாலும் சொல்லுவேன், கமிஷனர் கேட்டாலும் சொல்லுவேன்.”

“ரிப்போர்ட் மாறினா டியூட்டி கிடையாதும்மா,” என்றார் கண்காணிப்பாளர், ரொம்ப மரியாதையாக. “நல்லா யோசிச்சுக்குங்க. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“இன்னிக்கு எல்லாரும் எங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க சார்.”

டாக்டர் சங்கத்துக்காரர்களுக்கு நடுவிலிருந்து வெளியே வரவில்லை. அவர் உதடு அசைந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. அப்பாவுக்கும் அவர் நேரில் பேசினால் பாதி கேட்காது.

இனி யாரைப் பார்க்க வேண்டியிருந்ததோ அவளைப் பார்த்தாள். அம்மா சமையலறை வாசலில் ஒரு கையை நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள். அந்தக் கண்ணுக்கு ஊசித் துளை தெரியாது. மகள் முகம் தெரிகிற தூரம்தான்.

அழைப்பாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாள் என்று. அத்தை அதற்காகத் தோதாக நகர்ந்துகூட உட்கார்ந்தாள்.

“செருப்ப மாட்டிக்கிட்டுப் போ,” என்றாள் அம்மா. “அந்தக் கொடி முள்ளுக் கொடி. அறுத்தது அங்கயேதான் கெடக்கும்.”

சித்தப்பா வாசலை விட்டு நகர்ந்தார். நகர்ந்தது அவருக்கே தெரிந்ததா என்று சொல்ல முடியாது.

வாசலில் குவிந்திருந்த செருப்புகளுக்கு நடுவே தன்னுடையதைக் காலால் தேடி மாட்டிக்கொண்டாள். தெருவில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை இழுத்து வழி விட்டார்கள். யாரோ “எங்கம்மா?” என்றார். அவள் நிற்கவில்லை.

சந்தின் முனையில் வண்டி பின்பக்கமாக உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது அவனுக்கு.

“ஏம்மா, பூங்காவுல வேல பாத்தவரு வீடு இங்கதானே?”

“நேரா போங்க. சேர் போட்டிருக்கற வீடு.”

“லேட்டாயிருச்சு. ஏதாவது சொல்வாங்களா?”

“சொல்ல மாட்டாங்க,” என்றாள். “மெதுவா போங்க. வலது பக்கம் சாக்கடை மூடி இல்ல.”

வண்டி கடக்கட்டும் என்று சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். குறுகல் சந்து. அவன் பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். பின்கதவின் கைப்பிடி அவள் துப்பட்டாவை உரசிக்கொண்டு போனது. அது முழுசாகப் போனதும் சுவரை விட்டு விலகி, தோளில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக்கொண்டே பெரிய தெருவை நோக்கி நடந்தாள்.